ஞாயிற்றுக்கிழமை மட்டும் அணைகிற ஜிபிஎஸ்

என் புருஷன் லோத்தார் நாற்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் பொறியாளனாக இருந்தவன். அவன் காலத்தில் ஒரு ரயில்கூட இன்னொரு ரயில்மேல் மோதவில்லை என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவான், குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் உட்பட. அப்பேர்ப்பட்ட நிபுணன், தன் பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த உள்ளங்கை அகல ஜிபிஎஸ்ஸுக்கு ஒழுங்காகக் கரண்ட் கொடுக்க முடியாமல் ஒரு வசந்த காலம் முழுக்கத் திண்டாடினான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

வியாதி இதுதான். பைக் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரையில் ஓர் அறிவிப்பு வரும்: வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டது, பதினைந்து நொடியில் அணைந்துவிடும். உடனே லோத்தார் கட்டைவிரலால் திரையில் ஓங்கி ஒரு குத்து விடுவான். சில சமயம் உயிர் வரும். சில சமயம் கறுத்துப் போய் அப்படியே கிடக்கும். அதற்கு உள்ளேயே ஒரு பேட்டரி உண்டு, இப்படிப்பட்ட நேரத்துக்காக. அது அரை நிமிஷம்கூடத் தாங்காமல் போய் வருஷக்கணக்காகிறது. மாற்றித் தொலையேன் என்றால், "வெளியிலேர்ந்துதான் கரண்ட் வருதே, உள்ள எதுக்கு பேட்டரி?" என்பான். கரண்ட் வராதபோது கேட்டாலும் அதே பதில்தான்.

முதலில் பைக்கின் பெரிய பேட்டரியைச் சந்தேகப்பட்டான். புதுசு வாங்கிப் போட்டான். பழையது ஒரு குறையும் இல்லாதது என்று கடைக்காரர் சொன்னபோது, "பழசு பழசுதானே" என்று அவருக்கே பாடம் எடுத்தான். அப்புறம் ஃபியூஸ். ஃபியூஸ் நல்லபடியாக இருந்தது அவனுக்குப் பெரிய ஏமாற்றம். அதற்கப்புறம் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கிற சின்னப் பெட்டி. அதைச் சமையலறை மேசையில், நான் வெள்ளை ஆஸ்பரகஸ் தண்டுகளுக்கு வெண்ணெய்க் குழம்பு வைத்திருந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே, பிரித்துப் போட்டான். எர்த் கம்பியைக் கழற்றி வேறு இடத்தில் முறுக்கினான். ஜிபிஎஸ் உட்காருகிற தொட்டிலில் இருக்கும் பித்தளை ஊசிகளை, என் பல் துலக்கும் பிரஷ்ஷால், என்னைக் கேட்காமல், தேய்த்துப் பளபளப்பாக்கினான்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சோதனை ஓட்டம். செவ்வாய்க்கிழமை காலை, தொழிற்பேட்டை வழியாகப் போய், நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். லாரிகளைத் தவிர அந்த நேரத்தில் அங்கே ஓர் ஈ காக்கை இருக்காது. ஜிபிஎஸ் கல்லு மாதிரி நிற்கும். வெற்றி வீரனாக வீட்டுக்குள் நுழைந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "கண்டுபிடிச்சிட்டேன் ஆல்முட்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்போடு கிளம்புவோம். முதல் அரை மணி நேரத்திலேயே திரை கறுக்கும்.

செவ்வாய்க்கிழமை பிழைத்து ஞாயிற்றுக்கிழமை சாகிற வியாதியை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வெயில் அதிகமோ என்று யோசித்தான். மழைக்குப் பேர்போன எங்கள் சாவர்லாந்து மலைப்பக்கத்தில் வெயிலாம், அதுவும் ஏப்ரலில்! கடைசியில் தோர்பென் மேல் பழி வந்து விழுந்தது.

தோர்பென் எங்கள் கிளப்பில் இருக்கும் பல் டாக்டர். வயது நாற்பதைத் தொடவில்லை, பல்லெல்லாம் அவன் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். ஜிபிஎஸ் எல்லாம் கிழவர்கள் சமாச்சாரம் என்று சொல்லி, செல்போனை ஒரு ரப்பர் பிடியில் செருகி வைத்துக்கொண்டு ஓட்டுவான்.

"அவன் போன்லேர்ந்து ஏதோ அலை வருது. அதான் என்னுத அணைக்குது" என்றான் லோத்தார்.

"அவன் உனக்கு ரெண்டு பைக் தள்ளி வர்றான். நடுவுல நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உன்கிட்ட மின்சாதனம் எதுவும் இல்லையே."

இதற்குப் பதில் சொல்ல நான் என்ன பைத்தியமா?

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் கிளப்பில் வழி நடத்துகிறவனுக்கு ஒரு மஞ்சள் மேலங்கி உண்டு. அதைப் பதினான்கு வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவன் லோத்தார். எங்கள் ஆட்கள் எப்படி என்றால், மஞ்சள் அங்கி போட்டவன் ஏரிக்குள் இறங்கினால், பின்னாலேயே இண்டிகேட்டர் போட்டுவிட்டு ஏரிக்குள் இறங்குவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு லோத்தாரை நம்பி யாராவது பின்னால் வருகிற இடம் அது ஒன்றுதான். சனிக்கிழமை ராத்திரியே அந்த அங்கியை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டி வைப்பான். நான் கேலி செய்வேன். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆவான் என்று நினைத்துப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

மார்ச் மாதக் கூட்டத்தில், பீர் மூன்றாவது சுற்று வந்ததும், தோர்பென் எழுந்தான்.

"தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷ முதல் ஓட்டத்துல நம்ம எல்லாரையும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

"அது குறுக்கு வழி."

"எதுக்கு குறுக்கு வழி தலைவரே, சொர்க்கத்துக்கா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வாக்கெடுப்பு நடந்தது, ஒவ்வொரு கையும் எண்ணப்பட்டது. எங்கள் ஊரில் ஜன்னலைத் திறக்க வேண்டுமா என்பதற்கே வாக்கெடுப்பு உண்டு. முடிவு: ஏப்ரல் கடைசி ஞாயிறு, ஹீர்ஷ்பாக் கிராமத்து தேவாலயத்தில் பைக்குகளுக்கு ஆசீர்வாதம். அந்த ஓட்டத்தில் லோத்தார் நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கி அவனுக்கே. ஜிபிஎஸ் மறுபடி செத்து வழி தவறினால், அங்கி தோர்பெனுக்கு.

வழி தெரியாமலா என்று கேட்கலாம். வழக்கமான வழியில் பாலத்தை இடிக்கிறார்கள். மஞ்சள் பலகை வைத்து மாற்றுப் பாதை போட்டிருக்கிறார்கள், அந்த மாற்றுப் பாதைக்கே இன்னொரு மாற்றுப் பாதை. உள்ளூர்க்காரனே மாவு வாங்கப் போய் அடுத்த மாவட்டத்தில் முழிக்கிறான்.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும். கிஸ்பெர்ட், லோத்தாரின் அண்ணன். பக்கவண்டி வைத்த சிவப்புப் பழைய பைக் அவனுடையது, பக்கவண்டியில் கண்ணாடி மாட்டிய ஒரு நாய் உட்கார்ந்திருக்கும், பெயர் புருனோ. டேங்க் மேல் காகித வரைபடம். ஆறு வருடத்துக்கு முன் அண்ணனும் தம்பியுமாக பிரான்சுக்குப் போனார்கள், வோஜ் மலைப் பக்கம். ஒரு முச்சந்தியில் லோத்தாரின் ஜிபிஎஸ் இடது என்றது. கிஸ்பெர்ட்டின் வரைபடம் வலது என்றது. மழையில் நின்று ஒரு மணி நேரம் கத்தினார்கள். அப்புறம் ஒருவன் இடது பக்கம் போனான், இன்னொருவன் வலது பக்கம் போனான். இரண்டு பேரும் அன்று ராத்திரி போய்ச் சேர வேண்டிய ஊருக்குப் போய்ச் சேரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஐம்பது வயசு தாண்டிய இரண்டு ஆம்பிளைகள்! நல்லவேளை, சொத்து எதுவும் இல்லை. இருந்திருந்தால் கத்திக்குத்து நடந்திருக்கும்.

பேச்சு நின்றது பெரிதில்லை. கை நின்றதுதான் பெரிது. எதிரே பைக் வந்தால் இடது கையை எடுத்து வணக்கம் சொல்வது எங்கள் வழக்கம். பெண்டாட்டிக்குக் காலை வணக்கம் சொல்லாதவன்கூட முன்பின் தெரியாத பைக்காரனுக்குக் கை தூக்குவான். லோத்தார் அதில் மகா தாராளம். தூரத்தில் ஒற்றை விளக்கு தெரிந்தாலே கை போய்விடும், கிட்டே வந்த பிறகு பார்த்தால் அது ஒரு கண் போன கார். ஆனால் எதிரே சிவப்புப் பக்கவண்டி வந்தால் மட்டும் அவன் கை ஹேண்டில்பாரை விடாது. கிஸ்பெர்ட்டின் கையும் அப்படித்தான். பின்னால் வருகிற எனக்குக் கிஸ்பெர்ட் தலையை ஆட்டுவான். புருனோ கண்ணாடி வழியாக மூன்று பேரையும் பார்க்கும். அதற்கு மட்டும்தான் வெட்கம் இருந்தது.

ஆசீர்வாத ஞாயிறு வந்தது. பதினெட்டு பைக்குகள் பெட்ரோல் பங்கில் வரிசையாக நின்றன. லோத்தார் முன்னால், இஸ்திரி மடிப்போடு மஞ்சள் அங்கி. அடுத்து நான். எனக்குப் பின்னால் இரண்டாவதாகத் தோர்பென், பல் தெரிய.

முதல் பத்து கிலோமீட்டர் காட்டுப் பாதை. எதிரே யாருமில்லை, திரையில் நீலக் கோடு அழகாக ஓடியது. நான்கூட ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். காடு முடிந்து ஏரிக்கரைச் சாலை வந்ததும், எதிரே ஒரு கூட்டமே வந்தது; வேறு ஊர் கிளப், இருபது முப்பது பைக் இருக்கும். லோத்தாரின் கை மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, மழைக்காலத்து வைப்பர் மாதிரி ஆடியது. திரை மின்னியது. அறிவிப்பு. கட்டைவிரல் குத்து. உயிர் வந்தது. மறுபடி கை. மறுபடி அறிவிப்பு. மறுபடி குத்து.

அட கடவுளே, என்றேன் ஹெல்மெட்டுக்குள்.

செவ்வாய்க்கிழமை யாருக்குக் கை தூக்குவான், லாரிக்காரனுக்கா?

காபிக்கு நிறுத்திய இடத்தில் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "பைக் மேல உக்காரு. கையுறையோட. இப்ப எனக்கு வணக்கம் சொல்லு."

"என்ன விளையாட்டு இது ஆல்முட், பதினோரு மணிக்குப் பாதிரியார் ஆரம்பிச்சுடுவாரு."

"சொல்லுய்யா!"

இடது கையைத் தூக்கினான். கையுறையின் நீளமான மணிக்கட்டுப் பட்டை, ஹேண்டில்பாருக்குக் கீழே விறைப்பாகப் போயிருந்த கேபிளில் மாட்டியது. தொட்டிலின் அடியில் பிளக் ஒரு நூல் அளவு வெளியே வந்தது. திரையில் அறிவிப்பு. லோத்தார் பழக்க தோஷத்தில் திரையைக் குத்தினான். குத்திய குத்தில் தொட்டில் பின்னால் போய்ப் பிளக் உள்ளே ஏறியது. உயிர் வந்தது.

நாற்பது வருட சிக்னல் பொறியாளன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கேபிள் ஏன் இவ்வளவு இறுக்கமா இருக்கு?" என்றேன்.

"நான்தான் வெட்டிச் சின்னதாக்கினேன்."

"எதுக்கு?"

"எட்டு சென்டிமீட்டர் அதிகமா இருந்துச்சு. அசிங்கமாத் தொங்கிட்டு இருந்துச்சு."

எட்டு சென்டிமீட்டர் அசிங்கத்துக்காக ஒரு பேட்டரி, ஒரு ஃபியூஸ், வோல்ட் குறைக்கிற ஒரு பெட்டி, என் பல் பிரஷ். நான் வாயைத் திறக்கும் முன் அவன் முந்திக்கொண்டான்.

"இந்தக் கையுறை நீ கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தது. பழைய கையுறையில பட்டை கிடையாது. ஆக, பிரச்சனையோட மூலம்..."

"மூலம்னு இன்னொரு வார்த்தை சொன்னே, இங்கேயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

"உன் பைக்குல நான் வரலையே."

"பட்டையை ஜாக்கெட் கைக்குள்ள திணி."

"மழை வந்தா தண்ணி உள்ள போகும்."

"மழை வரலையேய்யா!"

"வரலாம்."

"சரி, இன்சுலேஷன் டேப் வாங்கிட்டு வரேன். பிளக்கைச் சுத்தி ஒட்டிடலாம்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோவிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். "என் பைக்குல டேப்பா? ஒட்டு வேலையா? சாயங்காலம் வீட்டுக்குப் போய் முறையா புதுக் கேபிள் போடுறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கை தூக்க மாட்டேன்."

"பிரெஞ்சு பைக்காரங்க காலை நீட்டி வணக்கம் சொல்ற மாதிரி நீயும் காலையாவது நீட்டு."

"நான் என்ன பிரெஞ்சுக்காரனா?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். தோர்பென் தூரத்திலிருந்து, "எல்லாம் சரியா இருக்கா தலைவரே?" என்று கத்தினான். "பிரமாதமா இருக்கு!" என்று பதிலுக்குக் கத்தினான் லோத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு தவம். எதிரே பைக்குகள் வந்துகொண்டே இருந்தன. நல்ல ஞாயிறு, ஊரே வெளியே வந்திருந்தது. ஒவ்வொருவனும் கை தூக்கினான். லோத்தாரின் கை அசையவில்லை. தோள்பட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் துள்ளியது, தும்மலை அடக்குகிறவன் மாதிரி. மரியாதை தெரியாத ஜென்மம் என்று அவர்கள் திட்டியிருப்பார்கள். அவனுக்கும் சேர்த்து நான் இரண்டு மடங்கு கை ஆட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், திரையில் நீலக் கோடு ஒரு நொடிகூடப் போகவில்லை. முதல் மாற்றுப் பாதை, அதன் மாற்றுப் பாதை, எல்லாவற்றையும் கத்தியால் வெட்டிய மாதிரி தாண்டினோம். கண்ணாடியில் பார்த்தேன், தோர்பென் வாய் மூடியிருந்தது. இன்னும் ஒரே ஒரு திருப்பம்தான் பாக்கி, மரம் அறுக்கும் ஆலை தாண்டியதும். அங்கி நம்முடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னை அறியாமல் 'நம்முடையது' என்று வந்துவிட்டது.

மரம் அறுக்கும் ஆலைக்கு முன்னால் சாலை நீளமாக வளைந்து இறங்கும். எதிர்ச் சரிவில் வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். மூன்று பைக்குகள் வந்தன. மூவரும் கை தூக்கினார்கள், லோத்தார் கல்லாக இருந்தான். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, சிவப்புப் பக்கவண்டி.

நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன். இவனுக்கு மட்டும் கை தூக்காமல் இருக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லையே.

கிஸ்பெர்ட் கை தூக்கினான்.

சும்மா இரண்டு விரல் காட்டவில்லை. கையை முழுசாகத் தலைக்கு மேலே நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினான். ஆறு வருடமாக ஹேண்டில்பாரோடு ஒட்டியிருந்த கை அது. முன்னால் லோத்தாரின் தோள்பட்டை துள்ளியது. நான் ஹெல்மெட்டுக்குள் என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. தூக்காதே என்றா, தூக்குடா என்றா?

தூக்கினான். மற்றவர்களுக்குத் தூக்குகிற மாதிரி இல்லை, கையை வானத்துக்கு எறிகிற மாதிரி. அந்த வேகத்தில் பிளக் நூல் அளவு வரவில்லை, முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்து காற்றில் ஆடியது. பதினைந்து நொடி கழித்துத் திரை அணைந்தது. லோத்தார் அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பிப் பின்னால் போகிற பக்கவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரம் அறுக்கும் ஆலையும் போனது, அதை அடுத்த வலது திருப்பமும் போனது.

மஞ்சள் அங்கி நேராகப் போனது. பதினேழு பைக்குகளும் நேராகப் போயின. தார்ச் சாலை மண் சாலையானது, மண் சாலை ஒரு பண்ணை முற்றத்தில் போய் முடிந்தது. நடுவில் ஆளுயரச் சாணக் குவியல், அதைச் சுற்றி ஒழுங்காக, இடைவெளி விட்டு, நாங்கள் பதினெட்டு பேர். பண்ணைக்காரி ஜன்னலைத் திறந்து, "பூசை இங்க இல்லீங்க" என்றாள்.

தேவாலய மணி எங்கேயோ குன்றுக்கு அந்தப் பக்கம் அடித்தது. பதினோரு மணி.

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். லோத்தார் ஹெல்மெட்டைக் கழற்றி, என் பக்கம் வந்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"அவன் முதல்ல தூக்கினான் ஆல்முட். பாத்தியா?"

"பாத்தேன்."

"பக்கவண்டில இருந்தது புருனோ இல்ல. வேற நாய்."

அதை நான் கவனிக்கவில்லை. அந்த அரை நொடியில் அவன் கவனித்திருக்கிறான்.

தோர்பென் வந்து எதிரே நின்றான். கையை நீட்டினான். லோத்தார் மஞ்சள் அங்கியைக் கழற்றினான். கழற்றி, மடித்து, மடிப்பு ஒழுங்காக இல்லை என்று பிரித்து மறுபடி மடித்துக் கொடுத்தான். தோர்பென் அங்கியை மாட்டிக்கொண்டு செல்போனைத் தட்டினான். மறுபடி தட்டினான். ஆகாயத்தை நோக்கிப் பிடித்தான். சாணக் குவியல் பக்கமாக நாலடி நடந்துபோய் அங்கேயும் பிடித்துப் பார்த்தான்.

"சிக்னல் இல்ல" என்றான்.

"இந்தப் பள்ளத்துல எந்தக் காலத்துல இருந்துச்சு?" என்றாள் பண்ணைக்காரி, ஜன்னலிலிருந்தே.

புதுத் தலைவரின் முதல் சாதனை அப்படி முடிந்தபோது, மண் சாலையில் ஒரு பழைய எஞ்சின் இருமிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. சிவப்புப் பக்கவண்டி. கிஸ்பெர்ட் எங்கள் எல்லோரையும் தாண்டி, நேராக லோத்தார் முன்னால் வந்து நிறுத்தினான். கண்ணாடி மாட்டிய புது நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது.

"டேய்" என்றான் கிஸ்பெர்ட். "ஆலைகிட்ட வலது பக்கம் திரும்பியிருக்கணும்."

தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிரான்சில், மழையில், ஒரு மணி நேரம் கத்தியதும் இதே வலதுக்காகத்தான்.

லோத்தார் கேட்டான், "புருனோ எங்க?"

கிஸ்பெர்ட் கையுறையைக் கழற்றினான். ரொம்ப மெதுவாகக் கழற்றினான். "போன நவம்பர்ல போயிட்டான். இவ ட்ரூடே. சரியான மக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீதான் கையே தூக்க மாட்டியே."

"நீ மட்டும் தூக்கினியாக்கும்! இன்னைக்கு மட்டும் என்ன திடீர்னு?"

கிஸ்பெர்ட் எட்டித் தம்பியின் இடது கையைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். "எதிர்ச் சரிவுலேர்ந்து பாத்துட்டே வந்தேன். எனக்கு முன்னால மூணு பேரு தூக்குறாங்க, நீ தூக்கல. தபால்காரன் ஸ்கூட்டருக்குக்கூட தூக்குற பய நீ. இந்தக் கை செத்துப் போச்சோன்னு நெனச்சேன்டா. அப்பாவுக்குப் பக்கவாதம் இப்படித்தானே ஆரம்பிச்சுது, இடது கையில."

தோர்பென் போனை இறக்கிவிட்டான்.

"அதான் தூக்கிப் பாத்தேன், திருப்பித் தூக்குறியான்னு" என்றான் கிஸ்பெர்ட். "தூக்கின. ஆனா நேராப் போயிட்ட. சரி, மூளைக்குத்தான் ஏறிடுச்சுன்னு வண்டியத் திருப்பினேன்."

லோத்தார் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது, ஹெல்மெட்டைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றான். ஹெல்மெட்டில் துடைக்க ஒன்றுமில்லை.

"கை நல்லாத்தான் இருக்கு" என்றேன் நான். "கேபிள்தான் எட்டு சென்டிமீட்டர் குறையுது."

கிஸ்பெர்ட் தொங்குகிற பிளக்கைப் பார்த்தான், இறுக்கமான கேபிளைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். "அசிங்கமாத் தொங்குதுன்னு வெட்டினியா?"

"ஆமா."

"அறிவு கெட்டவனே" என்றான், அவ்வளவு அன்பாக யாரையும் யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

வரைபடத்தை டேங்க் மேல் விரித்தான். தோர்பென் மஞ்சள் அங்கியோடு பக்கத்தில் வந்து, "நீங்க முன்னால போறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். அந்தப் பையன் அவ்வளவு மோசமில்லை, பல்தான் கொஞ்சம் அதிகம்.

ஹீர்ஷ்பாக் போய்ச் சேர்ந்தபோது பாதிரியார் ஆசீர்வாதத்தை முடித்துவிட்டு, ஒரு கையில் பன்னும் சாசேஜுமாக நின்றுகொண்டிருந்தார். மிச்சமிருந்த புனித நீரை எங்கள் மேல் மொத்தமாகத் தெளித்தார். ட்ரூடேமேல் கூடக் கொஞ்சம் விழுந்தது.

ஆனால் அதற்கு முன்னால், அந்தக் கடைசி ஆறேழு கிலோமீட்டரைத்தான் நான் மறக்க மாட்டேன். முன்னால் சிவப்புப் பக்கவண்டி, அதன் பின்னால் அங்கியில்லாத லோத்தார், பிளக் காற்றில் அசிங்கமாக ஆடிக்கொண்டிருந்தது. எதிரே பைக் வரும்போதெல்லாம் இரண்டு இடது கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. திரை கறுப்பாகவே கிடந்தது. லோத்தார் அதை ஒரு முறைகூடக் குத்தவில்லை.